ஈர ஆடைத் தீர்த்தமும் ட்ரான்ஸ்ஃபர் கோடும்: டொமைன் பெயர் கைமாறுகிற கதை

பெரியப்பா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஸ்ரீரங்கத்துத் தெருக்கள், மண்டபங்கள், கல்வெட்டுகள், எந்த வீதியில் எந்த வருஷம் எந்தத் திண்ணை இடிந்தது என்பது வரை 2004-லிருந்து அவர் எழுதிவைத்த வலைத்தளம் ஒன்று இருக்கிறது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அதில் இருக்கிற சில புகைப்படங்களில் உள்ள கட்டடங்கள் இப்போது இல்லை.

அந்தத் தளத்தின் டொமைன் பெயரை அண்ணா பெயருக்கு மாற்றி, வேறொரு பதிவாளரிடம் கொண்டுபோகலாம் என்று போன மார்கழியில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். பெயர் காலாவதியாக இன்னும் 37 நாள் இருந்தது.

டைரியின் கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்ட் இருந்தது. உள்ளே போய்விட்டோம். "ட்ரான்ஸ்ஃபர் தடை" என்று ஒரு பூட்டு. அதை எடுக்க ஒரு க்ளிக் போதும். ஆனால் மாற்றத்துக்கான கோடு பதிவில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான் போகும். அந்த மின்னஞ்சல் பெரியப்பா டயல்-அப் காலத்தில் வைத்திருந்தது. அந்த சேவையே இப்போது கிடையாது. சரி, மின்னஞ்சலை மாற்றுவோம் என்றால், மாற்றத்துக்குப் பழைய மின்னஞ்சலில் வந்து ஒப்புதல் தர வேண்டும். பெயரை வாங்கிக்கொடுத்தவர் தில்லைநகரில் ப்ரௌசிங் சென்டர் வைத்திருந்தார். அங்கே இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள்.

பதிவாளரின் உதவி மையத்துக்கு எழுதினோம். இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், அண்ணாவின் அடையாள அட்டை எல்லாம் கேட்டார்கள். அனுப்பி இரண்டு வாரம் கழித்து அண்ணா பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் பால் பாயசம் வைக்காத குறை. மறுநாள் கோடு கேட்டால் பதில் வருகிறது: பதிவுதாரர் விவரம் மாறியதால் 60 நாளைக்கு இந்தப் பெயரை வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாது. காலாவதிக்கு மீதி இருந்ததோ 23 நாள்.

கோபத்தில் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்பு. இந்த 60 நாள் யார் மனசில் உதித்தது? பூட்டு யாருக்காக? படித்து முடித்தபோது கோபம் பாதி போயிருந்தது. மீதிப் பாதி ஏன் போகவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீடு நம்முடையது, மண்?

முதலில் ஒரு சின்ன விளக்கம். டொமைன் பெயரை "வாங்கினேன்" என்று சொல்கிறோமே, உண்மையில் யாரும் வாங்குவதில்லை. ஒன்று முதல் பத்து வருஷம் வரை பதிவு செய்து வைத்துக்கொள்கிறோம். அவ்வளவுதான். டாட் காம் என்ற மொத்தப் பேரேட்டையும் வைத்திருப்பது வெரிசைன் நிறுவனம். அந்தப் பேரேட்டில் நம் சார்பாக எழுதுகிறவர் பதிவாளர். பதிவு செய்துகொண்டவர் நாம்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். அடிமனைப் பிரச்சினையைப் பார்த்தே வளர்ந்த ஊர். வீடு நம்முடையது, அது நிற்கிற மண் கோயிலுடையதா என்று வழக்கு. வரி கட்டுகிறோம், தலைமுறையாக இருக்கிறோம், விற்கப் போகும்போதுதான் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேள்வி வரும். டொமைனிலும் அப்படித்தான். குடியிருக்கும் வரை ஒன்றும் தெரியாது. கைமாற்றும்போதுதான் நம் உரிமை எவ்வளவு என்று தெரியும்.

கைமாற்றவே முடியாத பெயர்களும் உண்டு. துவாக்குடியில் இருக்கும் நம்ம என்ஐடி வைத்திருப்பது டாட் எடு முகவரி. அந்த வகைப் பெயரை எவ்வளவு பணம் கொடுத்தாலும் இன்னொருவருக்கு விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ முடியாது. அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தத்தின் கீழ் அதை நிர்வகிக்கும் எடுகாஸ் என்ற அமைப்பின் விதி அது.

ஒரு கடிதம் போதும் என்றிருந்த காலம்

ஆரம்பத்தில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் இணையத்தின் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. அதைக் கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு பராமரித்தது. புதுப் பெயர் வேண்டுமென்றால் அவர்களிடம் சொல்ல வேண்டியதுதான். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டொமைன் பெயர் அமைப்பை வடிவமைத்தார். 1985 மார்ச் 15-ல் சிம்பாலிக்ஸ் டாட் காம் பதிவானது. டாட் காமில் முதல் பெயர் அது. 1993-லிருந்து நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே நிறுவனம் பதிவு வேலையைப் பார்த்தது. 1995 செப்டம்பர் வரை பதிவுக்குக் காசே கிடையாது. அதன் பிறகுதான் முதல் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று வந்தது.

இலவசமாகக் கிடைத்த காலத்தில், 1994-ல், கேரி கிரெமன் என்பவர் செக்ஸ் டாட் காம் என்ற பெயரைப் பதிவு செய்து வைத்திருந்தார். அடுத்த வருஷம் அக்டோபரில் ஸ்டீபன் கோஹன் என்ற ஆள் நெட்வொர்க் சொல்யூஷன்ஸுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். கிரெமனின் நிறுவனமே எழுதியது போன்ற கடிதம். கிரெமனை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், இந்தப் பெயர் எங்களுக்கு வேண்டாம், கோஹனிடம் கொடுத்துவிட்டோம் என்று சாரம். இதில் வேடிக்கை, எங்களிடம் நேரடி இணைய இணைப்பு இல்லை, அதனால் எங்கள் சார்பில் நீங்களே பதிவு நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள் என்றும் அதில் இருந்தது. இணையத்திலேயே தொழில் செய்வதாகப் பெயர் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இணைய இணைப்பு இல்லையாம்! பதிவு நிறுவனம் கிரெமனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டது.

திரும்ப வாங்க ஐந்து வருஷம் ஆனது. 2000 நவம்பரில் நீதிமன்றம் பெயரைக் கிரெமனுக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 2001-ல் கோஹன் 65 மில்லியன் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பானது. கோஹன் மெக்சிகோவுக்கு ஓடிவிட்டார். ஏமாந்து கொடுத்த பதிவு நிறுவனம் பொறுப்பாகுமா என்ற கேள்வி மேல்முறையீட்டுக்குப் போய், 2003 ஜூலையில் ஒன்பதாம் வட்ட நீதிமன்றத்தில் நீதிபதி கோசின்ஸ்கி தீர்ப்பு எழுதினார். டொமைன் பெயரும் சொத்துதான், அதை வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்தால் கொடுத்தவரும் பொறுப்பாகலாம் என்பது அதன் உள்ளடக்கம்.

இந்த ஒரு வழக்கை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் கதையைப் பாருங்கள். "பெரியப்பா இறந்துவிட்டார், நாங்கள்தான் வாரிசு" என்று நாங்கள் எழுதிய கடிதத்துக்கும் கோஹனின் கடிதத்துக்கும் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

சிறைப்பட்ட வாடிக்கையாளரும் திருடுபோன பெயரும்

1998-ல் ஐகான் உருவானது. 1999-ல் ஒரே நிறுவனத்தின் ஏகபோகம் உடைந்து, பல பதிவாளர்கள் டாட் காம் பெயர்களை விற்கலாம் என்று ஆனது. அதுவரை "ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொருவரிடம் மாறுவது" என்ற விஷயமே கிடையாது. இருந்ததே ஒருவர்தானே.

போட்டி வந்ததும் புதுத் தலைவலி. வாடிக்கையாளர் கிளம்புகிறேன் என்றால் பழைய பதிவாளர் விட மாட்டேன் என்பார். பதிலே சொல்லாமல் இழுத்தடிப்பார். இதற்கு மருந்தாக ஐகான் பதிவாளர்களுக்கிடையேயான மாற்றக் கொள்கையைக் கொண்டுவந்தது. 2004 நவம்பர் 12-ல் அது அமலுக்கு வந்தது. முக்கியமான விதி இது: மாற்றக் கோரிக்கை வந்து ஐந்து நாளில் பழைய பதிவாளர் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மௌனம் சம்மதம். வாடிக்கையாளரைச் சிறையிலிருந்து விடுவிக்க வந்த விதி.

சரியாக இரண்டு மாதம். 2005 ஜனவரி நடுவில், ஒரு வார இறுதியில், நியூயார்க்கின் மிகப் பழைய இணைய சேவை நிறுவனமான பேனிக்ஸ், தன் பெயர் தன்னிடம் இல்லை என்று கண்டுபிடித்தது. யாரோ மாற்றக் கோரிக்கை கொடுத்து, பெயரை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஐடி என்ற பதிவாளரிடம் கொண்டுபோய்விட்டார்கள். பேனிக்ஸின் வாடிக்கையாளர்களுக்கு வர வேண்டிய மின்னஞ்சல்கள் எங்கோ போய்க்கொண்டிருந்தன. சனி, ஞாயிறு. ஆஸ்திரேலிய அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. அங்கே திங்கட்கிழமை விடிந்த பிறகுதான் பெயர் திரும்பி வந்தது. கோரிக்கையைக் கொண்டுவந்த இடைத்தரகர் மட்டத்தில், உண்மையான உரிமையாளரிடம் கேட்டு உறுதி செய்யும் வேலை நடக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

அந்த வருஷம் ஜூலையில் ஐகானின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு டொமைன் கடத்தல் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது. பூட்டும், மாற்றத்துக்கான ரகசிய கோடும் இதற்குப் பிறகுதான் பதிவாளர்களிடம் பரவலான பழக்கமாகின.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. இரண்டு பயங்கள். ஒன்று, பெயர் திருடு போய்விடுமோ என்ற பயம். இன்னொன்று, பதிவாளர் நம்மைப் பிடித்துவைத்துக்கொள்வாரோ என்ற பயம். ஒன்றுக்கு மருந்து கொடுத்தால் இன்னொன்று கூடுகிறது. கதவைத் திறந்தால் திருடன், பூட்டினால் சிறை. இன்று வரை வந்த எல்லா விதிகளும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடியவைதான். பூட்டு போடலாம், ஆனால் உரிமையாளர் கேட்டால் ஐந்து நாளுக்குள் பூட்டை எடுக்கவோ கோடு தரவோ வழி செய்ய வேண்டும் என்ற விதியும் அந்த ஊசலாட்டத்தில் பிறந்ததுதான்.

60 நாள்

புதிதாகப் பதிவு செய்து 60 நாள், அல்லது பதிவாளர் மாறி 60 நாள் ஆகாத பெயரை மாற்ற மறுக்கலாம் என்பது 2004 கொள்கையிலேயே இருந்தது. திருடிய பெயரை ஊர் ஊராகத் தள்ளிக்கொண்டே போனால் பிடிக்க முடியாது என்பதுதான் காரணம். எங்களை மாட்டிவிட்டது அதற்குப் பிறகு வந்தது. 2016 டிசம்பர் 1 முதல், பதிவுதாரரின் பெயர், நிறுவனம், மின்னஞ்சல் இவற்றில் ஒன்று மாறினாலும் 60 நாள் பூட்டு. கணக்கில் நுழைந்த திருடன் முதலில் செய்வது மின்னஞ்சலை மாற்றுவதுதான் என்பதால்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பதிவாளர் அந்த வசதியைக் கொடுத்தால், விவரத்தை மாற்றுவதற்கு முன்பே "பூட்டு வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். மாற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை. எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே அப்போது தெரியாது.

பூட்டு பயனுள்ளதா? பெர்ல் டாட் காம் கதையைப் பாருங்கள். நிரல் எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான தளம். 2021 ஜனவரி 27-ல் அது கடத்தப்பட்டது தெரிந்தது. பிறகு ஆராய்ந்ததில், களவு நடந்தது முந்தைய செப்டம்பரில் என்று தெரியவந்தது. திருடியவர் சத்தம் போடாமல் காத்திருந்து, டிசம்பரில் வேறு பதிவாளரிடம் கொண்டுபோய், ஜனவரியில்தான் தளத்தைத் திருப்பிவிட்டிருக்கிறார். அதாவது பூட்டு தன் வேலையைச் செய்தது. திருடனை நிறுத்தி வைத்தது. அந்த நாட்களில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பெயர் பிப்ரவரியில் உரியவரிடம் திரும்பியது.

2025-ல் ஐகானின் மறுஆய்வுக் குழு தன் இறுதி அறிக்கையில் 60 நாளை 30 நாளாகக் குறைக்கவும், விவரம் மாறினால் விழும் பூட்டை எடுத்துவிடவும் பரிந்துரைத்திருக்கிறது. ஊசல் மறுபக்கம் நகர்கிறது.

சென்னையிலிருந்து ஒரு வழக்கு

நம் ஊர்ப் பக்கம் சட்டம் என்ன சொல்கிறது? இதற்கு அடிப்படையான தீர்ப்பே ஒரு சென்னை நிறுவனத்தின் வழக்கில் வந்ததுதான். சத்யம் இன்ஃபோவே. அதன் ஆங்கிலப் பெயரின் கூறுகளைச் சேர்த்து உருவாக்கிய பெயர் சிஃபி. 2000-களில் கல்லூரியில் படித்தவர்களுக்கு அவர்களின் ஐவே ப்ரௌசிங் சென்டர்கள் நினைவிருக்கும். 1999-ல் அந்த நிறுவனம் சிஃபிநெட் போன்ற பெயர்களைப் பதிவு செய்தது. 2001-லிருந்து இன்னொரு நிறுவனம், ஓர் எழுத்தை மட்டும் கூடுதலாகப் போட்டு, அதே உச்சரிப்பில் பெயர்களைப் பதிவு செய்து தொழில் நடத்தியது. பெங்களூர் நகர சிவில் நீதிமன்றம் தடை கொடுத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004 மே 6-ல் உச்ச நீதிமன்றம் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது.

நீதிபதி ரூமா பால் எழுதிய அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியவை. டொமைன் பெயர் வெறும் முகவரி அல்ல, வணிகப் பெயரைப் போல அதற்கும் பாதுகாப்பு உண்டு என்றது. அதோடு, டொமைன் தகராறுகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை என்பதையும் பதிவு செய்தது. அமெரிக்க நீதிமன்றம் முந்தைய வருஷம் "சொத்து" என்ற வழியில் போன இடத்துக்கு, நம் நீதிமன்றம் "வணிகப் பெயர்" என்ற வழியில் போயிருக்கிறது. வணிகம் செய்கிறவருக்கு இது பெரிய துணை. தெருத் திண்ணைகளைப் படம் எடுத்துப் போட்ட பெரியப்பாவுக்கு இதில் பெரிதாக இடமில்லை.

பெரியப்பா ஏன் டாட் இன் எடுக்கவில்லை என்று அண்ணா கேட்டான். 2004-ல் அது சாதாரண ஆளுக்கு எட்டாக்கனி. 1989-லேயே இந்தியாவுக்கு அந்த எழுத்துகள் கிடைத்துவிட்டாலும், கட்டுப்பாடுகள் அதிகம், பதிவுகள் குறைவு. 2005-ல் நிக்சி பொறுப்பேற்றுக் கதவைத் திறந்த பிறகுதான் எல்லோரும் வாங்க முடிந்தது. பெரியப்பா ஒரு வருஷம் முந்திக்கொண்டார்.

1371-ல் நடந்த சரிபார்ப்பு

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பாவின் தளத்திலேயே இருந்த ஒரு பக்கம் கண்ணில் பட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

1323-ல் டெல்லிப் படை வந்தபோது, பிள்ளை லோகாசாரியாரும் மற்றவர்களும் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். பல ஊர் அலைந்து, திருமலையில் இருந்து, 48 வருஷம் கழித்து 1371-ல் விஜயநகரத்துக் கோபணாரியர் முயற்சியில் அழகிய மணவாளன் ஸ்ரீரங்கம் திரும்பினார். வந்து பார்த்தால் இங்கே வேறொரு உற்சவ மூர்த்தியை எழுந்தருளப் பண்ணி வழிபாடு நடந்துகொண்டிருக்கிறது. எது பழைய மூர்த்தி? போனபோது பார்த்தவர்கள் யாரும் இல்லை. கோயிலொழுகு சொல்கிறது: கடைசியில் கண் தெரியாத ஒரு முதிய வண்ணார் கிடைத்தார். பெருமாளின் ஈர ஆடையைப் பிழிந்து அந்தத் தீர்த்தத்தை அருந்துவது அவருடைய பழைய வழக்கம். இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து ஆடைத் தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். ஒன்றைச் சுவைத்ததும் இவரே நம்பெருமாள் என்றார். அழகிய மணவாளனுக்கு நம்பெருமாள் என்ற பெயர் அதிலிருந்து நிலைத்தது. மற்ற மூர்த்தியை அப்புறப்படுத்தவில்லை. திருவரங்க மாளிகையாராக இன்றும் கூடவே இருக்கிறார்.

நான் இதை பக்திக் கதையாக மட்டும் படித்துவந்தேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. ஆவணம் போய்விட்டது, சாட்சிகள் போய்விட்டார்கள், உரிமை கோருகிறவர் வாசலில் நிற்கிறார். பதிவேட்டில் இல்லாத ஓர் ஆள், தன் அன்றாட வேலையால் மட்டுமே தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறார். சபை அதை ஏற்கிறது.

டொமைன் விதிகளில் இல்லாதது அந்த வண்ணார்தான். என் மீதிக் கோபம் அதில்தான். திருடனை மனதில் வைத்து ஒரு விதி, பேராசைப் பதிவாளரை மனதில் வைத்து ஒரு விதி. இறந்துபோகிற பதிவுதாரரை மனதில் வைத்து எழுதிய விதி எங்கே? எல்லாமே "உரிமையாளர் உயிரோடு இருக்கிறார், மின்னஞ்சல் பார்க்கிறார்" என்ற நம்பிக்கையில் நிற்கின்றன. வாரிசை ஒவ்வொரு பதிவாளரும் தன் போக்கில் கையாள்கிறார். அதே சமயம், யார் வந்து கண்கலங்கினாலும் பெயரைக் கொடுத்துவிட முடியாது என்பதும் புரிகிறது. கோஹனும் கதைதான் சொன்னார்.

முடிந்த விதம்

பழைய பதிவாளரிடமே ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டிப் புதுப்பித்தோம். பூட்டு விழுந்த 61-ம் நாள் கோடு கேட்டோம், வந்தது, பெயர் மாறியது. கட்டிய பணம் வீண் போகவில்லை. டாட் காம் பெயரை மாற்றும்போது மீதிக் காலம் கூடவே வரும், மேலே ஒரு வருஷமும் சேரும்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான்கு வரி. முடிந்தால் முதலில் பதிவாளரை மாற்றுங்கள், பிறகு பெயரை மாற்றுங்கள். வரிசை மாறினால் 60 நாள். விவரம் மாற்றும் முன் விலக்கு வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். காலாவதி நெருங்கினால் யோசிக்காமல் பழைய இடத்திலேயே புதுப்பியுங்கள். காலாவதிக்குப் பிறகு சலுகைக் காலம் பதிவாளருக்குப் பதிவாளர் மாறும், அதையும் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலத்தில் பெரிய தொகை கட்ட வேண்டும், அதற்குப் பிறகு ஐந்து நாளில் பெயர் யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடும். நான்காவது, இன்று ராத்திரியே உங்கள் வீட்டில் தளம் வைத்திருக்கும் பெரியவரிடம் உட்கார்ந்து, பதிவில் இருக்கும் மின்னஞ்சல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

தளம் இப்போது ஓடுகிறது. அண்ணா கீழச் சித்திரை வீதிப் பக்கங்களில் விட்டுப்போன படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். பதிவுதாரர் மின்னஞ்சலாக இரண்டு பேருக்கும் வந்து சேரும் முகவரி ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். பாஸ்வேர்ட் பெரியப்பாவின் அதே டைரியில், அதே கடைசிப் பக்கத்தில், அவர் எழுதியதற்குக் கீழே இருக்கிறது.